பதிவேட்டில் இல்லாத மெமோ

ராஜபாளையம்
16.06.2025

அன்புள்ள கமலாவுக்கு,

ஈஸ்வரி எழுதுகிறேன். நீ, உன் வீட்டுக்காரர், அனுக்ரஹா எல்லோரும் சுகம்தானே? இங்கே நாங்கள் நலம். அவருக்கு மட்டும் இடுப்பு வலி விட்டபாடில்லை. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

அரை மணி நேர பஸ் தூரத்தில் இருப்பவளுக்குக் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேசினால் பாதியிலேயே "சரிட்டி, பொறவு பேசுவோம்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வைண்டிங் பிரிவில் நூல் கலந்துபோன விஷயம் உன் ஆபீசுக்கு வந்திருக்கும். அறுபதாம் நம்பர் மூட்டைக்குள் நாற்பதாம் நம்பர் கோன்கள் இருந்தன என்று ஈரோட்டு வியாபாரி முப்பது மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் ஒடிசாப் பெண் சாபித்ரி என்று மெமோ கொடுத்து அவளை விடுதியில் உட்கார வைத்துவிட்டார்கள். விசாரணை நடத்தப் போகிறவள் நீ என்றும் கேள்விப்பட்டேன். விசாரணை அதிகாரிக்குத் தனியாக எழுதக் கூடாது என்பார்கள். நான் என் தோழிக்கு எழுதுகிறேன்.

நீ ஆபீஸ் அறையிலேயே இருந்து பழகியவள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். நூல் எங்களுக்கு பாபினில் சுற்றி வரும், அதைப் பெரிய கோனில் மாற்றிச் சுற்றுவது எங்கள் வேலை. மஞ்சள் பாபின் என்றால் நாற்பதாம் நம்பர், தடிப்பு நூல்; பச்சை பாபின் என்றால் அறுபது, மெல்லிசு நூல். நிறத்தைப் பார்த்து அந்தந்த மெஷினில் போடுவோம். நூலை விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. மே 29, இரண்டாம் ஷிப்டில் மஞ்சள் பாபின் பற்றாமல் போய்விட்டது. நூல் நூற்கிற ஏழாம் பிரேமில் சேதுபதி மேஸ்திரி பச்சை பாபினிலேயே நாற்பதை ஓட்டச் சொல்லிவிட்டார். போர்டில் எழுதவில்லை. என் பக்கம் வந்து, "ஏட்டி ஈஸ்வரி, ஏழாம் பிரேம் பச்சை இன்னைக்கு நாப்பது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அடுத்த வரிசையில் நின்ற சாபித்ரியிடம் சொல்லவில்லை. அவள் பச்சையைப் பார்த்தாள், அறுபது மெஷினில் போட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அதுதான்.

மூட்டை திரும்பி வந்த அன்றைக்கு, மேஸ்திரிகளுக்கெல்லாம் மேலே இருக்கிற வரதராஜ் மாஸ்டர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துக்கொண்டு, "இந்த வடக்கத்திக் கூட்டத்துக்குக் கை இருக்கு, மூளை இல்ல. அந்த இனமே அப்படித்தான்" என்றார். அன்றைக்கே மற்ற ஒடிசாப் பெண்கள் பதினாலு பேரையும் மெஷினைத் தொடக் கூடாது என்று கழிவுப் பஞ்சு பிரிக்கிற கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். நம்முடைய பெண்கள் சிலர் சிரித்தார்கள் கமலா. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

நடந்தது இது. நீ நேர்மையானவள், உனக்கு இது போதும்.

என்றும் அன்புடன்,
ஈஸ்வரி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
21.06.2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் நோட்டைப் பார்த்து எழுதும்போதுகூட இப்படித்தான் எழுதுவாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். அனுக்ரஹா பிளஸ் டூ போகிறாள், வீட்டில் நாங்கள்தான் பயந்துகொண்டு படிக்கிறோம். அடுத்த மாதம் ஆண்டாள் தேர். இந்த வருஷமாவது இரண்டு நாள் முன்னதாக வந்து தங்கு. உன் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு நல்ல வைத்தியர் இருக்கிறார், இடுப்பையும் காட்டிவிடலாம்.

நீ எழுதியதைப் படித்தேன். மாஸ்டர் பேசியது தப்பு. அவர் வாய் எப்போதும் அப்படித்தான், உனக்குத் தெரியாததா? ஆனால் சேதுபதி மேஸ்திரியையும் நினைத்துப் பார். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த நேரத்தில் முப்பது மூட்டை நஷ்டம் அவர் தலையில் விழுந்தால் குடும்பமே உட்கார்ந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு என்ன? இந்த மில் இல்லை என்றால் திருப்பூர், இல்லையென்றால் கோயம்புத்தூர். ஒரு ரயில் ஏறினால் அடுத்த வேலை.

உன்னிடம் ஒரு சாட்சிப் பேப்பர் வரும். "மேஸ்திரி யாரிடம் என்ன சொன்னார் என்பதை நான் கவனிக்கவில்லை" என்று இருக்கும். கையெழுத்து மட்டும் போட்டுவிடு. பொய் சொல்லச் சொல்லவில்லை, கவனிக்கவில்லை என்றுதானே. மெஷின் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும்? நீ நேற்று வந்தவள் இல்லை. ஷிப்ட் லீடர். அதைக் காப்பாற்றிக்கொள்.

கோபப்படாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
கமலா

*

ராஜபாளையம்
26.06.2025

அன்புள்ள கமலா,

பேப்பர் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. திருப்பிக் கொடுத்தபோது டைம் ஆபீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ரயில் ஏறுகிறவள்தானே என்கிறாய். ரயில் ஏறுகிறவள் என்பதால் நம்முடைய குற்றத்தையும் மூட்டை கட்டி அவள் கையில் கொடுத்து அனுப்பலாமா? "நூல் கலந்தவள்" என்று வேலை போனால் எந்த வைண்டிங்கில் சேர்ப்பார்கள்? மில்லுக்கு மில் போன் போட்டுக் கேட்கிறவர்கள் நம் ஆட்கள்தானே. மேஸ்திரி மகள் கல்யாணத்துக்குப் பந்தலில் நின்று பரிமாறுவேன். அதற்காகச் சாபித்ரியை விரட்ட மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மேஸ்திரி என்னிடம் சொன்ன பிறகு நான் சாபித்ரியிடம் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். சாப்பாட்டு மணி அடித்தது, போய்விட்டேன். பசி இல்லை கமலா, காரணம் அது இல்லை. நம் செல்வியோ கருத்தம்மாவோ அந்த மெஷினில் நின்றிருந்தால் கத்திச் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பேன். அவர்களுக்குச் சொல்வது என் வேலை இல்லை என்று இருந்துவிட்டேன். வந்த புதிதில் ஆறு மாதம் அவளை "ஏட்டி இந்தி" என்றுதான் கூப்பிட்டேன். அவளுக்கு இந்தியே சரியாக வராது. மயூர்பஞ்ச் பக்கம் மலையடிவாரம், வீட்டில் பேசுவது சந்தாலியாம். சாபித்ரி மராண்டி என்ற முழுப் பெயரை மெமோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

விடுதிக்குப் போய் அவளைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். ஒரு பச்சை பாபினை என் முன்னால் வைத்து, "அக்கா, பச்ச அறுவது. நீதானே சொல்லிக் குடுத்த. நான் என்ன தப்பு?" என்று கேட்டாள்.

விசாரணையில் தொழிலாளிக்குத் துணையாக உடன் வேலை பார்க்கும் ஒருவர் உட்காரலாம் என்று விதி இருக்கிறதாமே. நம் ஊர்க்காரர்கள் ஒருவரும் முன்வரவில்லை. நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

நீ ஒன்றே ஒன்று செய். 2016-ல் நானும் இதே தப்பைப் பண்ணினேனே, அந்த மெமோவை எடுத்து வை. அப்பா காரியம் முடிந்த மறுநாள், தூக்கமில்லாமல் வந்து பதினோரு மூட்டையைக் கெடுத்தேன். எனக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன், ஓர் எச்சரிக்கை, அம்புட்டுதான். அதே அளவுகோலை வைத்தால் போதும். மேஸ்திரியையும் நான் வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. அவருக்கும் அந்த மூன்று நாள். பாபின் மாறினால் போர்டில் தமிழிலும் ஒடியாவிலும் எழுதி, அந்த பாபினையே ஒன்று கட்டித் தொங்கவிட வேண்டும். பதினாலு பேரும் திரும்ப மெஷினுக்கு வர வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

உன்,
ஈஸ்வரி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
30.06.2025

ஈஸ்வரி,

உன்னிடம் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். இவ்வளவு வருஷம் சொல்லவில்லை. சொல்ல வைத்துவிட்டாய்.

அந்த மெமோ இல்லை. 2018-ல் ஷிப்ட் லீடர் பட்டியல் போட்டபோது மெமோ வாங்கியவர்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். உன் பெயர் அதில் இருந்தது. அப்போது உன் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வழியில்லாமல் நீ அலைந்துகொண்டிருந்தாய். உன் ஃபைலில் இருந்து அந்தத் தாளை உருவிக் கிழித்தேன். பதிவேட்டில் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினேன். ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். உனக்காகத்தான். வேறு யாருக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

இப்போது நீ விசாரணையில் அந்த மெமோவைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்று யோசி. ஒன்று, நீ பொய்க்காரி ஆவாய். இல்லையென்றால் நான் திருடி ஆவேன். எதை விரும்புகிறாய்?

முன்பின் தெரியாத ஒருத்திக்காக முப்பத்தைந்து வருஷத்து சிநேகிதத்தை விசாரணை மேசையில் கொண்டுவந்து வைக்கிறாய். உன்னைக் காப்பாற்றியவளுக்கு இதுதானா நீ செய்வது? இதை எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது. உனக்கு உறைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

துணையாக உட்காருவதாகக் கொடுத்த பெயரை வாபஸ் வாங்கு.

கமலவல்லி

*

ராஜபாளையம்
04.07.2025

கமலாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். நீ செய்ததை நினைத்தால் உன் காலில் விழ வேண்டும் போல இருக்கிறது. அடுத்த நிமிஷமே உன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருக்கிறது. ஏழு வருஷமாக நான் திறமையால் லீடர் ஆனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே கமலா. புதுசாக வருகிறவர்களிடம் "என்னை மாதிரி யார் தயவும் இல்லாம மேல வாங்கட்டி" என்று சொல்லியிருக்கிறேன். சாபித்ரியிடமும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஃபைலைத் திறந்து தாளை உருவ ஒருத்தி இருந்தாள். நான் உன் ஊர்க்காரி, உன் பெஞ்சில் உட்கார்ந்தவள், என் கஷ்டம் உனக்குத் தெரியும். சாபித்ரிக்கும் கஷ்டம் இருக்கிறது. அப்பா கிடையாது, இரண்டு தம்பிகள் அவள் அனுப்புவதில்தான் படிக்கிறார்கள். அது உன் ஆபீஸ் வரைக்கும் வந்து சேரவில்லை. யார் கொண்டுவந்து சேர்ப்பார்கள்? "முன்பின் தெரியாத ஒருத்தி" என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருஷமாக உன் சம்பளப் பட்டியலில் இருக்கிறவள்தான் அவள்.

பெயரை வாபஸ் வாங்க மாட்டேன். ஒன்பதாம் தேதி வருவேன். என் தப்பையும் அதற்குக் கிடைத்த தண்டனையையும் சொல்வேன். மெமோவை யார் கிழித்தார்கள் என்று என் வாயால் வராது. அதைச் சொல்ல வேண்டியவள் நீ. சொல்லாவிட்டால் நான் பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஈஸ்வரி

*

மனிதவளப் பிரிவு
ஸ்ரீவில்லிபுத்தூர்
11.07.2025

பெறுநர்:
திருமதி மு. வெங்கடேஸ்வரி,
ஷிப்ட் லீடர், வைண்டிங் பிரிவு,
டோக்கன் எண் 1147.

பொருள்: விசாரணையில் ஆதாரமற்ற தகவல் கூறியது குறித்து விளக்கம் கோருதல்.

09.07.2025 அன்று நடைபெற்ற விசாரணையில், தாங்கள் 2016-ஆம் ஆண்டு இதே போன்ற தவறு செய்து மூன்று நாள் தற்காலிகப் பணிநீக்கம் மட்டும் பெற்றதாகவும், வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வேறு அளவுகோல் பயன்படுத்தப்படுவதாகவும் கூறினீர்கள். பதிவேட்டைச் சரிபார்த்ததில் அப்படியொரு மெமோ தங்கள் பெயரில் இல்லை. நிர்வாகத்தின் மீது வீண்பழி சுமத்தியதற்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும்.

ஸ்ரீ. கமலவல்லி
மனிதவள அலுவலர்

*

ராஜபாளையம்
14.07.2025

மனிதவள அலுவலர் அவர்களுக்கு,

நான் சொன்னது உண்மை. மெமோ வாங்கினேன், கையெழுத்துப் போட்டேன், மூன்று நாள் வீட்டில் இருந்தேன். சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டேன். நடவடிக்கை எடுப்பதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். சாபித்ரி மராண்டிக்கு என்ன தண்டனையோ அதையே எனக்கும் கொடுங்கள். குறைத்துக் கொடுத்தால் வாங்க மாட்டேன்.

மு. வெங்கடேஸ்வரி
டோக்கன் எண் 1147

கமலா, இதற்குக் கீழே உள்ளது உனக்கு. தபாலைப் பிரித்து டோக்கன் எண்ணைப் பார்த்ததும் அழுதேன். விசாரணை அன்றைக்கு மாஸ்டர் "பதிவேட்டைப் பாருங்க மேடம்" என்றதும் நீ பக்கத்தைத் திருப்பினாய், "இல்லை" என்றாய், தலையைத் தூக்கவே இல்லை. சாபித்ரிக்குத் தமிழ் முழுதாகப் புரியாது. வெளியே வந்ததும், "அக்கா, உனக்கும் என்னால கஷ்டமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஒரு செய்தி மட்டும். கொட்டகைக்கு மாற்றியதற்குச் சம்மதம் என்று எழுதிய தாளில் பதினாலு பேரும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். கருத்தம்மாவும் இன்னும் மூன்று பேரும் இன்று அவர்களோடு போய் நின்றார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் கருத்தம்மாவும் ஒருத்தி.

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
31.07.2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

தேர் நிலைக்கு வந்துவிட்டது. நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூட்டத்தில் ராஜபாளையம் பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு ஆத்திரத்தில் பழைய ஃபைல் கட்டுகளை எல்லாம் இறக்கினேன். நீ சொன்ன வேறு அளவுகோல் என்பது பொய் என்று காட்டிவிட வேண்டும் என்றுதான் இறக்கினேன். ஒன்பது வருஷத்தில், நீ போக, ஐந்து பேர் நூல் கலந்திருக்கிறார்கள். நான்கு பேர் உள்ளூர், நான்கு பேருக்கும் எச்சரிக்கை. ஐந்தாவது ஆள் பீகார், வேலையை விட்டு எடுத்திருக்கிறோம். அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தது நான். பெயர் எழுத வேண்டிய இடத்தில் "வடமாநிலத் தொழிலாளி" என்று மட்டும் அடித்திருக்கிறேன். டோக்கன் எண்கூட இல்லை. அவர் பெயர் என்ன என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை ஈஸ்வரி. அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தேனா என்பதும் சந்தேகம். எனக்கு வெட்கமாக இருந்தது.

25-ஆம் தேதி அறிக்கை கொடுத்தேன். சாபித்ரி மராண்டி மீது குற்றமில்லை என்று எழுதினேன். ஐந்து பேர் விவரத்தையும் இணைத்தேன். கடைசிப் பக்கத்தில், 2016 மெமோவைக் கிழித்தவள் நான், பதிவேட்டைத் திருத்தியவளும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் அவரிடம் காட்டியபோது வெகுநேரம் படித்தார். "இத குடுத்தா வேலை போயிரும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். வண்டியை எடுத்து ஆபீஸில் கொண்டுபோய் விட்டார்.

அடுத்த மாதம் நம் நூலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் தணிக்கைக்கு வருகிறார்கள். எல்லாத் தொழிலாளியையும் ஒன்றாக நடத்துகிறோமா என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. என் அறிக்கையை வைத்துக்கொண்டு நிர்வாகத்தால் வேறு உத்தரவு போட முடியவில்லை. திங்கட்கிழமை முதல் சாபித்ரியும் மற்றவர்களும் மெஷினுக்குத் திரும்புகிறார்கள், விட்டுப்போன நாட்களுக்குச் சம்பளத்தோடு. மேஸ்திரிக்கு மூன்று நாள். போர்டில் இரண்டு மொழியிலும் எழுத உத்தரவு வந்துவிட்டது. மாஸ்டர் பேசிய பேச்சுக்கு ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. அதை விடாதே.

உன் லீடர் பதவியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் நான்தான் எழுதினேன். 2018-ல் உன்னால் பின்தங்கியவள் யாரோ இருப்பாள் அல்லவா? நீ திட்டமாட்டாய் என்று தெரியும், திட்டினாலும் பரவாயில்லை. நான் இப்போது சஸ்பென்ஷனில் இருக்கிறேன். அனேகமாக வேலை போகும்.

உன் மேல் கோபம் முழுதாகத் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா. சாபித்ரியையும் கூட்டிக்கொண்டு வா, அவளிடம் நான் நேரில் பேச வேண்டியது இருக்கிறது. அவள் முன்னால் நாம் சண்டை போட வேண்டாம். சாப்பிட்ட பிறகு அடுக்களையில் வைத்துக்கொள்வோம்.

நேற்று மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். "ஆடிட்டுக்கு அந்தக் கடைசிப் பக்கம் ஒண்ணுதான் மேடம் இடிக்குது. ஞாபகப் பிசகுல எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. திங்கட்கிழமை உங்க நாற்காலில வந்து உக்காரலாம்" என்றார். தாளும் அவரே கொண்டுவந்திருந்தார். வாங்கி எழுதிக் கொடுத்தேன். அந்த மெமோவின் தேதி, அதில் இருந்த பதினோரு மூட்டை, கீழே நீ பச்சை மையில் போட்ட கோணல் கையெழுத்து, நான் அதைக் கிழித்த கிழமை எல்லாம் எழுதி, எனக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று முடித்தேன்.

அன்புடன்,
கமலா